வெறுங்கை

காலை எட்டு பத்து வரை காளவாசல் நிறுத்தத்தில் அந்தப் பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"மாப்ள, இன்னைக்கும் வெறுங்கையோடயா வார?"

கேட்டவனின் மணிக்கட்டில் அவன் சாதியின் நிறத்தில் கயிறு இருந்தது.

"அப்பா கட்டக் கூடாதுன்னுட்டாரு."

"கயிறு இல்லாதவன ரெண்டு பக்கமும் அடிக்கிறாய்ங்கடா. நேத்து வாங்குனது பத்தாதா?"

"அதான் பஸ்ல உன் பக்கத்துல உக்காரப் போறேன்."

"எங்காளுக என்னையும் சேத்து மிதிப்பாய்ங்க."

பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன்; என் மகனுக்கும் அந்த வயதுதான்.

வெறுங்கைப் பையனின் அப்பா சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சட்டைப் பையிலிருந்து வேறொரு நிறக் கயிற்றை எடுத்து மகனின் கையில் கட்டினார்.

"ஒன் கன்னத்தப் பாத்துட்டு அம்மா சோறே திங்கலப்பா. பரீட்சை முடியட்டும், நானே அறுத்துப் போடுறேன்."

பிறகு மற்றவனிடம் சொன்னார்: "நீ ஒண்ணும் நெனச்சுக்காதய்யா."