உயிரோடிருக்கும் ஆசிரியருக்கு அடக்க நேரம் குறித்தவர்களின் மடல்

பிழை பொறுக்காத பேனாவும் பிழைத்தோரைப் பொறுக்கும் பெருநெஞ்சும் ஒருங்கே உடையவரே! மீனச்சில் வாரிகை என்னும் வார இதழின் முதன்மை ஆசிரியரே! கோட்டயமே சேச்சி என்று அழைக்கும் ஏலிக்குட்டி குருவிளா அவர்களே! நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டிய வணக்கத்தைத் தலைகுனிந்து சொல்கிறோம்.

மெய்ப்புத் திருத்த வந்த நீங்கள் நீதிமன்றச் செய்தி எழுதினீர்கள். சினிமாப் பக்கத்தில் நடிகர்களை நடுங்க வைத்தீர்கள். ஜோசியர் காய்ச்சலில் படுத்த வாரம் எல்லா நட்சத்திரத்துக்கும் நீங்களே பலன் எழுதி, ஒருவருக்கும் கெட்ட காலம் வராமல் காத்தீர்கள்! தொடர்கதை எழுதியவர் பாதியில் கண்மூட, கதாநாயகியைக் கரைசேர்த்தீர்கள். மலை சரிந்த ஊருக்குச் சேற்றில் நடந்துபோய், பிழைத்தவர்களின் பெயர்களையே முதலில் எழுதி அனுப்பினீர்கள்.

பெரியவர்களின் மரணக்குறிப்பை முன்கூட்டியே எழுதி, இறுதி மரியாதையின் நாளையும் நேரத்தையும் மட்டும் காலியாக விட்டுவைக்கும் வழக்கமும் நீங்கள் கொண்டுவந்ததுதான். உங்களுக்கும் ஒன்று எழுதி வைத்திருந்தோம். ஐயோ, அங்கேதான் வந்தது வினை!

உங்கள் கண்படாமல் இங்கே ஒரு பக்கமும் அச்சேறியதில்லை. நீங்கள் பணி ஓய்வுபெற்று விடைபெறும் இதழில் உங்களைத் திகைக்க வைக்கும் ஆசையில் ஒரே ஒரு பக்கத்தை ஒளித்தோம். வாழ்க்கை விவரத்துக்கு அந்தக் குறிப்பையே எடுத்தோம். காலியிடம் இந்தப் பிரிவுபசார விழாவின் நாளுக்கும் நேரத்துக்கும் என்று எண்ணி நிரப்பினோம். சுற்றியிருந்த வரியை வாசிக்கவில்லை. “அன்னாரின் உடலுக்கு வெள்ளி மாலை நான்கு மணிக்கு, வாரிகை மண்டபத்தில் இறுதி மரியாதை” என்று நேற்று ஊரெங்கும் இதழ் போய்விட்டது.

பாலா ஊரிலிருந்து உங்கள் அண்ணன் அவறாச்சன் அழுதுகொண்டே ஓடிவந்தார். அலுவலக வாசலில் நீங்களே நிற்கக் கண்டு, “எடீ ஏலிக்குட்டி, நீ உசிரோடதான் இருக்கியா?” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை எப்படி மறப்போம்!

நீங்களோ எங்களை ஏசவில்லை. “மலர்வளையத்தோட வர்றவங்கள விரட்டாதீங்கடா, சாயா குடுத்து உட்கார வையுங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் நான்தானே எடிட்டர்? தப்பு என்னோடதுன்னே திருத்தம் போடுங்க” என்றீர்கள். வைதிருந்தால் ஆறியிருக்கும், இது அறுக்கிறது.

முன்பே எழுதிய புகழ்மடலைக் கிழித்துவிட்டு இன்று காலை இதை எழுதினோம். சேச்சி, உங்கள் சொல்லை நாங்கள் தட்டியதில்லை. இதைத் தட்டுகிறோம். அந்தத் திருத்தம் எங்கள் எல்லோர் பெயரிலும் வரும்.

நீடூழி வாழ்க என்பது மடலுக்கு மடல் வரும் வாசகம். நாங்கள் அதைக் கெஞ்சிக் கேட்கிறோம். நாங்கள் அச்சிட்டதை ஆண்டுக்கு ஆண்டு பொய்யாக்கி, நோய்நொடியின்றி நூறாண்டு வாழுங்கள்! இம்மடலுக்கு இன்னும் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்து, பிழை திருத்திக் கொடுங்கள்.

வெட்கத்துடன்,
மீனச்சில் வாரிகை ஊழியர்கள்,
கோட்டயம்