மடியில் வைத்த பை

செங்கம் சாலையில் டவுன் பஸ். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. ஆசிரமம் ஸ்டாப்பில் ஏறிய இரண்டு பெண்களுக்குக் கிடைக்கவில்லை. நிற்பவர் பையை உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் பஸ்களில் எழுதாத சட்டம். நீலப் புடவைக்காரி ஒரு வார்த்தை கேட்காமல் தன் பையை என் மடியில் வைத்துவிட்டு, கூட வந்த பெரியவளிடம் பேச்சைத் தொடர்ந்தாள்.

"எங்க மாடி ரூம்ல வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போறப்ப குடுத்துச்சுக்கா அந்தக் குட்டி அடுப்ப. ஒரே பர்னரு, டப்பா கேஸு. பாலு நிமிஷத்துல பொங்கிடுது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டோரம் டீ போட இதான் சரி."

"அப்ப நல்லாதான் இருக்குது."

"நேத்துதான் தீ கம்மியாயிடுச்சு. வீட்டு சிலிண்டர் தீர்றப்ப சுடுதண்ணில வெப்போமே, அதுமாதிரி டப்பாவக் கழட்டி கொதிக்கிற தண்ணில போட்டேன்."

"அடிப்பாவி! கொதிக்கிற தண்ணிலயா? வெடிச்சிருந்தா?"

"வெடிக்கலியே. அடிப்பக்கம்தான் உப்பிக்கிச்சு. லேசா கேஸ் நாத்தம் வருது. அடுப்பு ரிப்பேர் கடைக்காரர்கிட்ட காட்டலாம்னு எடுத்துட்டு வரேன்."

"எடுத்துட்டு வரியா? எங்கடி?"

"தோ, இவங்க மடியில."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நீலப் புடவைக்காரி என் பக்கம் குனிந்து அன்பாகச் சொன்னாள்:

"ஸ்பீடு பிரேக்கர் வருதும்மா. பையக் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்கோங்க."