முப்பத்தேழு தாளும் ஒரு நோட்டும்

எட்டாம் வகுப்புக்கு ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் நடத்த ஒரு மாம்பழம் போதும், மேடம். இருபத்தாறு வருஷமா நான் அதை வச்சுத்தான் ஓட்டுதேன். ராமன் மாம்பழம் திங்கான், இது ஆக்டிவ். புரட்டிப் போட்டா மாம்பழம் முன்னால வந்து உக்காந்துக்கிடும், ராமன் 'பை'ங்கிற சின்ன வார்த்தைக்குப் பின்னால போயிருவான். அவனை அடியோட விட்டுட்டாலும் இங்கிலீஷ்காரன் கோவிச்சுக்கிட மாட்டான். நேத்து தின்னான், இப்பத் தின்னுக்கிட்டிருக்கான், தின்னு முடிச்சிட்டான், நாளைக்குத் திம்பான்னு எல்லா டென்ஸ்லயும் புரட்டச் சொல்லுவேன். ரெண்டு வாரத்துல பிள்ளைகளுக்குப் பிடிபட்டுரும்.

நீங்க கேட்டது இது இல்லைன்னு தெரியுது. ஆனா முறையாச் சொன்னாத்தான் உங்க ஸ்டேஷன் ரைட்டருக்கும் எழுத வசதி.

எம் பேரு வன்னியபெருமாள். ஸ்ரீவைகுண்டத்துல இருந்து தினம் பஸ்ஸுல வாரேன். பள்ளிக்கூடம் ஹார்பர் ரோட்டு மேல. நாள் பூரா உப்பு லாரியும் கன்டெய்னர் லாரியும் போற சத்தத்துல தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினவன். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்னா வன்னியபெருமாள் சார்தான்னு பேரு இருந்துச்சு. போன வருஷம் அந்தப் பத்தாம் வகுப்பைத் தூக்கி ஈவாஞ்சலின் கையில குடுத்துட்டாங்க. வந்து ரெண்டு வருஷம் முழுசா ஆவல. மேசை மேல ஏறி உக்காந்து பாடம் எடுப்பா. பிள்ளைக 'ஈவா மிஸ், ஈவா மிஸ்'னு பின்னாலயே அலையும். எங்கிட்ட ட்யூஷன் வந்த இருபது பேரு நாலு பேரானாங்க. எனக்கு அவளைக் கண்டா ஆவாது. அதை நான் மறைக்கல. அவ என்னைக் கண்டா எந்திரிச்சு நின்னு 'சார்'ம்பா. அது இன்னும் எரிச்சலா இருக்கும்.

எனக்கு மிச்சம் விட்டது எட்டாம் வகுப்பு. அதுலயும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு அவளுக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு.

அங்கனதான் ரிஃப்கா படிக்கா. காயல்பட்டினத்துப் பிள்ளை, வேன்ல வரும். வாப்பா சவூதியில. சத்தம் காட்டாத பிள்ளை. ஆனி மாசக் கடைசியில ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம், ஸ்டாஃப் ரூம்ல நான் மட்டும் இருக்கும்போது நோட்டோட வந்துச்சு. 'கப்பல் வந்து சேர்ந்தது'ங்கிற வாக்கியத்தைப் பாஸிவ்ல மாத்தச் சொல்லியிருந்தேன். "சார், இதை மாத்த முடியாதாம். கப்பல் தானா வருது, யாரையும் ஒண்ணும் செய்யலைல்லா. ஈவா மிஸ் சொன்னாங்க"ன்னுச்சு. சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. கேலியாச் சிரிக்கல, புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்ட பிள்ளை சிரிக்குமே, அப்படி.

அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு அடி பட்டுச்சு. எப்படிப் பட்டுச்சுங்கிறதைக் கடைசில சொல்லுதேன்.

ரெண்டு நாள் கழிச்சு முக்காட்டுத் துணியில ஈரம் கண்டு அவங்க உம்மா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. இடது காது சவ்வு கிழிஞ்சிருக்கு, சீழ் வச்சிருக்கு, இது விழுந்த அடி இல்ல, கை வச்ச அடின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தம்மா பதுருன்னிஸா நேரா கரஸ்பாண்டன்ட் ரூமுக்கு வந்து, "எம் பிள்ளைய அடிச்சது ஆருன்னு தெரியாம இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்"னு உக்காந்துட்டாங்க. ரிஃப்கா வாயே திறக்கல.

கரஸ்பாண்டன்ட் தங்கப்பாண்டி அண்ணாச்சிக்கு உப்பளம் தெரியும், பள்ளிக்கூடம் அவ்வளவாத் தெரியாது. எங்க எல்லாரையும் நிப்பாட்டி, "யாரா இருந்தாலும் சரி. திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும். இல்லன்னா நானே போலீஸுக்குப் போயிருவேன்"னாரு. அவருக்கு ஒரு பேரு வேணும். எங்கிட்ட ஒரு பேரு இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, இதுல கெட்ட புத்திக்கு வேலையே இல்ல.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடு எட்டாம் வகுப்பு. போர்டுல எதையும் எழுதல, வாயால சொன்னேன். முத்து முத்துக்குளிப்பவர்களால் எடுக்கப்பட்டது, வலை சரிசெய்யப்படுகிறது, உப்பு ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது, இப்படி ஆறு வாக்கியம். ஏழாவதா, 'ரிஃப்கா ஈவாஞ்சலின் மிஸ்ஸால் அடிக்கப்பட்டாள்'. ஆக்டிவ்ல மாத்துங்கன்னேன்.

வகுப்பு அப்படியே திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்துச்சு. காதுல பஞ்சோட அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. முன்னால இருந்த பொன்செல்வி எந்திரிச்சு, "சார், நெசமாவா?"ன்னா. "கிராமர்ல நெசமும் கிடையாது பொய்யும் கிடையாது. எழுதுளா"ன்னேன்.

பெஞ்சுக்கு ஒரு டென்ஸ் குடுத்தேன். முதல் பெஞ்சுக்கு 'அடிச்சாங்க'. ரெண்டாவதுக்கு 'அடிச்சிருக்காங்க'. மூணாவதுக்கு 'அடிச்சுக்கிட்டிருந்தாங்க'. நாலாவதுக்கு 'அடிப்பாங்க', அதாவது தினமும். கடைசி பெஞ்சுக்கு 'அடிச்சிருந்தாங்க'. முப்பத்தேழு பேரும் ஒரே மாதிரி எழுதினா காப்பியடிச்சதுன்னு அண்ணாச்சிக்கே தெரிஞ்சிரும். நேர்ல பார்த்தவங்க ஆளுக்கு ஒரு மாதிரிதானே சொல்லுவாங்க. முதல்ல நோட்டுல எழுதச் சொன்னேன். வழக்கம்போல அங்கனயே திருத்தினேன். பொறகு ஏழாவது வாக்கியத்தை மட்டும் தனித்தாள்ல, தப்பில்லாம, பேரும் ரோல் நம்பரும் போட்டு எழுதி வாங்கினேன். ரிஃப்காட்ட மட்டும் தாள் வாங்கல. அடிபட்ட பிள்ளையை எதுக்குச் சிரமப்படுத்தணும்.

சாயங்காலம் வேன் ஏறுறதுக்குள்ள பாதிப் பேரு நேர்ல பார்த்த மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதை நான் சொல்லிக் குடுக்கல, மேடம்.

திங்கக்கிழமை தாளைக் கொண்டுபோய் வச்சேன். "பிள்ளைக தாங்களா எழுதிக் குடுத்திருக்கு அண்ணாச்சி. வாயால சொல்லப் பயப்படுது"ன்னேன். அவர் ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டு, "இது உன் கையெழுத்துதானா?"ன்னாரு. "ஆமா சார்"னுச்சு. முப்பத்தேழு ஆமா சார். வேற ஒண்ணும் அவர் கேக்கல. கேக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்கே ஈவாஞ்சலினை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பதுருன்னிஸாம்மா உங்க ஸ்டேஷனுக்கு வந்து புகார் குடுத்தாங்க. ஈவாஞ்சலின் போட்டோ ஊர் பூரா போன்ல சுத்துச்சு. சர்ச்சுக்குப் போனாக்கூட அவ பக்கத்துல யாரும் உக்காரலையாம். ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல என்னைத் தேடி வந்தா. முகம் வத்திப்போயிருந்துச்சு. "சார், நான் எந்தப் பிள்ளை மேலயும் கை வச்சதில்ல. உங்க சொல்லைப் பிள்ளைக தட்டாது. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க சார்"னா. "கேக்கேன்மா, நீ தைரியமா இரு"ன்னு சொல்லிப் பஸ் ஏறிட்டேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்னு சொன்னா நீங்க தப்பா நினைப்பீங்க. ஆனா தூங்கினேன்.

காயல்பட்டினத்துக்கும் போயிட்டு வந்தேன். கால் கிலோ மக்ரூன் வாங்கிட்டுப் போனேன். பிள்ளைக்கு அந்தக் காது இனி கேக்காதுன்னு உம்மா அழுதாங்க. மொத நாளே காட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். நான் ரிஃப்கா பக்கத்துல உக்காந்து, "அடிச்சது ஈவா மிஸ்தான்னு ஒரு தடவை சொல்லிரு, மனசு லேசாயிரும்"னேன். அது என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. மக்ரூனை எடுக்கல. மெல்லும்போது காது வலிக்கும்போல.

இப்ப நீங்க மேசையில வச்சிருக்கியளே, அது ரிஃப்காவோட கிராமர் நோட்டு. புஸ்தகப் பையில இருந்து அவங்க உம்மா எடுத்துக் குடுத்திருப்பாங்க. மறுபடி திறக்க வேண்டாம், நான் வந்ததும் நீங்க விரிச்சுக் காட்டின பக்கம் கண்ணுலயே இருக்கு. அன்னைக்கு அதையும் நான்தான் திருத்தினேன். திருத்தாத நோட்டை நான் திருப்பிக் குடுத்ததே கிடையாது.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு, மேடம். கட்டுக்கட்டாத் திருத்துறவன் முழு வாக்கியத்தையும் படிக்க மாட்டான். வினைச்சொல்லு சரியான்னு மட்டும் கண்ணு ஓடும். கடைசி பெஞ்சுக்கு 'ஹேட் பீட்டன்', அதான் 'அடிச்சிருந்தாங்க', வரணும். வந்திருந்துச்சு. ரெட் இங்க்ல டிக் போட்டேன், பக்கத்துல 'குட்', கீழ இனிஷியலும் தேதியும். அதுக்கு முன்னால என்ன பேரு இருந்துச்சுன்னு பார்க்கல. 'வன்னியபெருமாள் சார்'னு எழுதியிருந்திருக்கா. ஏழு வாக்கியத்துல அது ஒண்ணை மட்டும் எழுத்து எழுத்தா அழுத்தி எழுதியிருந்திருக்கா.

கடைசில சொல்லுதேன்னேன்ல. அவ சிரிச்சா, நான் அடிச்சேன். இந்தக் கையாலதான், ஒரே அடி. "யார்ட்டயும் சொன்னா டிசியைக் கிழிச்சுக் குடுத்துருவேன்"னும் நான்தான் சொன்னேன். ஈவாஞ்சலின் அந்தப் பக்கமே வரல. எழுதிக்கிடுங்க, கையெழுத்துப் போடுதேன்.

ஒண்ணு மட்டும் விட்டுப்போயிரக் கூடாது, மேடம். காதுல பஞ்சோட உக்காந்து, ஒரு வாக்கியத்தைப் புரட்டி, டென்ஸ் தப்பாம, செஞ்சவன் பேரைச் சரியான இடத்துல கொண்டுவந்து வச்சிருக்கா பாருங்க. அதை அவளுக்கு நடத்தினது நான். ஈவாஞ்சலின் இல்ல. அதையும் எழுதச் சொல்லுங்க.