மறுபடியும் திரிஞ்சு போச்சு

— மறுபடியுமா திரிஞ்சு போச்சு?

— மறுபடியும்தான் ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நேத்து காலைல டியூபைத் தூக்கிப் பாத்தா அடியில தயிரு. நாலு மாசம். பதினாறு தடவை. தூக்கிப் போட்டு உடைக்கலாம்னு வருது.

— உடைக்காதே, டீயைக் குடி. உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி டீதான் ஹெப்சி, டீ. எங்க போர் தண்ணியில போட்டா பால் திரிஞ்சுடுது. தோல் டேனரி புண்ணியம், பூமிக்கு அடியிலயும் உப்பு. அதுக்காகத்தான் நாலு மணியானா இங்க வந்து உக்கார்றேன். இல்லன்னா இந்த ஜெயபுஷ்பத்துக்கு எதுக்கு அடுத்த வீட்டு வம்பு?

— தெரியும் ஆன்ட்டி.

— அந்த லேப்ல இன்னாதான் செய்யறே? நான் கேக்கல. எதிர் வீட்டு ஃபரீதா கேக்கறா.

— தைராய்டு ஹார்மோன் உடம்புல சும்மா சுத்திக்கிட்டு இருந்தா போதாது. செல்லுக்குள்ள அதை வாங்கிக்க ஒரு புரோட்டீன் வேணும். ரிசப்டர்னு பேரு. மனுஷனோட அந்த ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வச்சு, அந்தப் புரோட்டீனைச் செய்ய வைக்கிறோம். அது திரியாம, சுத்தமா கையில கெடச்சா, சிலருக்கு உடம்பு ஏன் ஊதுது, கொழுப்பு ஏன் கரையலன்னு பாக்கலாம்.

— என்னைப் பாத்துக்கிட்டே சொல்லாதே. நான் மாத்திரை சாப்பிடறேன்.

— மாத்திரையும் அதுகிட்டதான் போய்ச் சேரணும்.

— ஓ! நீ இல்லாதப்ப சாவியை வச்சுக்கிட்டு சிலிண்டர்காரனுக்குக் கதவு தொறக்கிறேனே, அது மாதிரி.

— அதேதான். நீங்க இந்த வீட்டு ரிசப்டர்.

— இரு, இதை ஃபரீதாகிட்ட சொல்லணும்.

— சீக்கிரம் சொல்லிடுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவா ஒரு டியூப் காட்டலன்னா, ஜீனை பெங்களூருக்கு அனுப்பிட்டு ப்ராஜெக்ட்டை மூடிடறேன்னு பஞ்சாட்சரம் சார் சொல்லிட்டாரு. என் பிஎச்.டி.யும் அதோட பார்சல்.

— உன் கைடு தானே? பொண்டாட்டி ஏலகிரிக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டதுக்கு, மாடிக்குக் கூட்டிட்டுப் போய் மலையைக் காட்டின மனுஷனாச்சே.

— ஆன்ட்டி!

— சரி, நான் ஒண்ணும் சொல்லல. உனக்குக் கீழ ஒரு பொண்ணு இருந்தாளே, சௌமியா, சோளிங்கர்காரி. அவ ஏதாவது கை வச்சாளா?

— அவ டியூபை ஒழுங்கா கழுவறது இல்லன்னுதான் நெனச்சேன். எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். பிப்ரவரியில அழுதுகிட்டே போனவ, திரும்பி வரவே இல்ல. அப்புறம் நானே கழுவி, நானே பத்து தடவை செஞ்சேன். பத்தும் தயிரு.

— அப்ப அவ இல்ல.

— அவ இல்ல. உப்பை மாத்தினேன், பாக்டீரியாவை மாத்தினேன், ஐஸ்ல வச்சேன், ஐஸ் இல்லாம வச்சேன். பொங்கல் வரைக்கும் ஜம்முனு வந்துக்கிட்டு இருந்துச்சே, அதுதான் பேஜாரா இருக்கு.

— பொங்கலா? நாங்க இன்வெர்ட்டர் வாங்கினோமே, அப்பதான். ரெண்டாயிரம் பொறந்து நாலு வருஷம் ஆச்சு, ஆம்பூர்ல கரன்ட்டு இன்னும் பொறக்கல. ஏன் ஹெப்சி, தண்ணியில ஏதாவது கோளாறா?

— தண்ணி மேல மட்டும் சந்தேகமே கிடையாது. காலேஜ்ல தண்ணி காய்ச்சி வடிக்கிற மெஷின் போன வருஷமே புட்டுக்குச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை வேலூர் போய், என் ஃப்ரெண்டு கேத்தரின் லேப்லேர்ந்து மூணு தடவை காய்ச்சி வடிச்ச தண்ணியை நானே தூக்கிட்டு வர்றேன். விரிஞ்சிபுரம் தாண்டற வரைக்கும் பஸ்ல உக்கார எடம் கிடையாது, கேனை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கறேன். ஞாயித்துக்கிழமை இந்தச் சமையக்கட்டுல இருக்கும். திங்கட்கிழமை நேரா லேப். வேற யார் கையும் படாது.

— மூலையில இருக்கே, அந்த வெள்ளை கேனா?

— அதுதான். நாளைக்கு அதை வச்சுத்தான் கடைசி தடவை.





— மூணு தடவை காய்ச்சினா அவ்வளவு ஒசத்தியா?

— நான் அளந்து போடறதைத் தவிர, கண்ட உப்பு, கண்ட உலோகம் கொஞ்சம் கலந்தாலும் இந்தப் புரோட்டீன் தாங்காது.

— பேட்டரியும் அப்படித்தானாம். கடைக்காரன் சொன்னான்.

— எந்த பேட்டரி?

— கோச்சுக்காதே. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு சுத்தத் தண்ணிதான் ஊத்தணும்னான். கடையில விக்கிறதை நம்ப முடியுமா? சாவி என் கையில, தண்ணி உன் சமையக்கட்டுல. நீ சர்ச்சுக்குப் போற நேரம் கொஞ்சம் எடுத்துக்குவேன். எங்க வீட்டுக்கு ஒரு வாரம், ஃபரீதாவுக்கு ஒரு வாரம், தெருக்கோடி மக்பூல் பாய் வீட்டுக்கு ஒரு வாரம். இன்னிக்குக் காலைலகூட.

— எடுத்தீங்களா? எப்படி ஆன்ட்டி? ஒரு வாரம்கூட கேன் குறைஞ்சதில்லையே!

— எப்படிக் குறையும்? அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் குறையா வச்சுட்டு வர நான் என்ன மானம் கெட்டவளா? ஒவ்வொரு தடவையும் எங்க போர் தண்ணியைக் கழுத்து வரைக்கும் ரொப்பி, மூடியை இறுக்கிட்டுத்தான் வந்தேன்.