செம்மஞ்சள் எஞ்சின்

சீமெந்து வண்டிகளில் தூசி படிந்தால் பழைய பற்தூரிகை போதும். தண்ணீர் படக்கூடாது. மொன்றியலின் லாசாலில் என் வீட்டு நிலக்கீழ் அறையில் அப்படிப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கின்றன. அயர்லாந்துச் சரக்கு ரயில் ஒன்றின் சிறிய மாதிரி அது. முன்னால் செம்மஞ்சளும் கறுப்பும் பூசிய எஞ்சின். சோதிக்க வந்த உங்கள் பொலிஸ் ஆட்கள் கடைசி வண்டியைத் தடம்புரள விட்டிருக்கிறார்கள். பரவாயில்லை.

அந்த நிறம் என் அண்ணர் அருமைராசா சொன்னது. 1968 முதல் 1970 வரை அவர் டப்ளினில் ரயில்வே எஞ்சினியர். அவர் காலமானபோது முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வெளியிட்ட கல்வெட்டுப் புத்தகத்தில் அதை நானே எழுதி அச்சடித்தேன். எங்கள் வீட்டுக் கலியாண அழைப்பிதழ் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. மொன்றியலில் எங்களை எஞ்சினியர் குடும்பம் என்றுதான் சொல்வார்கள்.

அம்புறோஸ் மன்னார்க்காரர். டப்ளினில் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே வந்தவர். லவாலில் நடந்த மாதிரி ரயில் கண்காட்சியில், என் மேசையில் 1968 என்று எழுதியிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தார்.

“அண்ணை, இந்த நிறம் எழுபத்திரண்டிலதான் வந்தது. அறுபத்தெட்டில எஞ்சின் கறுப்பு.”

“என்ர அண்ணர் கண்ணால கண்டவர்.”

“அப்ப அவர் வேற எங்கயோ நிண்டு கண்டிருக்கிறார்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் சம்பந்தி செல்வமலரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அம்புறோஸ் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார். கையில் படப்புத்தகமும் இருந்தது. மன்னிப்புக் கேட்பவருக்கு ஆதாரம் எதற்கு? நிலக்கீழ் அறையில் ரயிலுக்குப் பக்கத்தில் நின்று கறுப்பு எஞ்சின்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணை, மேல என்ர ஜக்கெற்றில ஸ்பிறே இருக்கு. நாக்குக்குக் கீழ அடிக்கிறது. கெதியா எடுத்துத் தாங்கோ.”

எடுத்து வந்தேன். என் வயதுக்குப் படிகளில் வேகமாகவே இறங்கினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சின் என்ன நிறம் என்று கேட்டேன்.

“செம்மஞ்சள், அண்ணை. அறுபத்தெட்டிலயும் செம்மஞ்சள்தான். தாங்கோ.”

இரண்டு தரம் சொன்னார். ஒரு நிமிடத்தில் பேச்சை மாற்றுகிறவரின் சொல்லை எந்தச் சபையும் ஏற்காது. குணமாகி மேலே போனதும் மறுபடி கறுப்பு என்பார். மருந்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ரயிலை ஓடவிட்டேன். அது மூன்று சுற்று வந்து முடிய அவர் அடங்கிவிட்டார். அதன்பிறகு அம்புலன்ஸுக்கு அழைத்தேன்.

கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்ததற்கு அவர் மனைவி யோசெப்பின் எனக்கு நன்றி சொன்னார். ஏற்றுக்கொண்டேன்.

சலவைக்குப் போட்ட சட்டையில் மருந்தைக் கண்டெடுத்து உங்களிடம் தந்தது என் மருமகள் பிரஷாந்தினி. அவள் வெளிவீட்டிலிருந்து வந்தவள். எங்கள் பெயரின் பாரம் அவளுக்குத் தெரியாது.

நான் எதையும் மறுக்கவில்லை. அவர் இன்று வந்து அதே புத்தகத்தை விரித்தாலும் அதையேதான் செய்வேன்.

அண்ணர் அந்த இரண்டு ஆண்டுகளில் எழுதிய பதினான்கு கடிதங்களையும் இத்துடன் தருகிறேன். எல்லாவற்றிலும் லண்டன் தபால் முத்திரை. விடுமுறைக்கு அங்கே போகும்போதுதான் எழுத நேரம் கிடைத்திருக்கிறது. டப்ளினில் அவருக்கு அவ்வளவு வேலை.