அரை நிமிட வேலை

லேப்டாப் ஓடவில்லை என்று என்னிடம் வருகிற பத்துப் பேரில் நாலு பேருடையது உண்மையில் கெட்டுப்போயிருக்காது. பாட்டரியைக் கழற்றிவிட்டு, பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்து, மறுபடி மாட்டினால் எழுந்துகொள்ளும். அரை நிமிட வேலை. அதை வாடிக்கையாளர் கண் முன்னால் செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மூன்று நாள் கழித்து வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அது ஏமாற்று இல்லை ஐயா, மரியாதை. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த கவலை அரை நிமிடம்தான் பெறும் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் பிடிப்பதில்லை.

தெல்ஃபினா அம்மாளிடமும் மூன்று நாள் என்றுதான் சொன்னேன். போன வருஷம் மார்ச் மாதம், காலை எட்டு மணி. அவள் என் கடை மேஜைமேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, "எனக்குக் காது கேக்காது டோன் எவரிஸ்தோ. என் முகத்தப் பாத்து மெதுவா சொல்லுங்க, புரிஞ்சுக்குவேன்" என்றாள். முப்பத்திரண்டு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து கேட்காமல் போனதாம். பேச்சு மட்டும் தங்கிவிட்டது. முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னேன். "மூணு நாள் எல்லாம் முடியாது. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வருவா இதுல. நா இங்கேயே உக்காந்துக்கறேன், நீங்க வேலையப் பாருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மகள் சுனில்டா ஸ்பெயினில் வலென்சியாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். எங்கள் ஊர் பிலாரில் பாதி வீடுகளுக்கு இப்படி ஒரு மகள் உண்டு. மற்றத் தாய்மார்கள் போனை எடுத்துப் பேசிவிடுவார்கள். இவளால் முடியாது. திரையில் மகளின் உதட்டைப் பார்த்தால்தான் இவளுக்குப் பேச்சு. அதற்காகவே சுனில்டா வாங்கி அனுப்பிய லேப்டாப் அது. சின்ன வயதிலிருந்தே இவளுக்கு எழுதப் படிக்க வரும், ஆனால் கடிதம் வேறு, முகம் வேறு என்பாள்.

அவள் உட்கார்ந்திருக்கும்போது அரை நிமிடத்தில் முடித்துக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. திருகாணிகளைக் கழற்றினேன், தூசி தட்டினேன். சும்மா இருப்பது எப்படி என்று தெரெரே கலந்தேன். புதினாவும் எலுமிச்சைப் புல்லும் இடித்துப் போட்ட குளிர்ந்த தண்ணீர். ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சு குழாய், எனக்கு ஒரு முறை, அவளுக்கு ஒரு முறை. குடித்துக்கொண்டே ஏதோ பேசினேன். பேசும்போதுதான் கவனித்தேன். அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது. என் மனைவி கிரெகோரியா பதினொரு வருஷம் முன்பு புவெனோஸ் அயர்ஸ் போனாள், திரும்பவில்லை. அவள் இருந்தபோதும் நான் பேசினால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். கடைக்கு வருகிறவர்கள் தங்கள் பொருளைப் பார்ப்பார்கள். நீங்கள்கூட இப்போது காகிதத்தைத்தான் பார்க்கிறீர்கள். என் ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருத்தி என் வாக்கியம் முடியும்வரை என் முகத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு அவள் லேப்டாப்போடு போன பிறகு நான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஏப்ரலில் அவள் வரவில்லை. வர அவசியம் இல்லையே, நான் நன்றாகச் சரிசெய்திருந்தேன். சந்தையில் அவளைப் பார்த்தபோது, ஒருமுறை கொண்டுவாருங்கள், உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். கொண்டுவந்தாள். லேப்டாப்புக்குள் ராம் என்று ஒரு சின்னப் பலகை உண்டு. அது தன் இடத்தில் சரியாக உட்காரவில்லையென்றால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். அதன் அடியில் சிகரெட் அட்டைத் துணுக்கு ஒன்றைச் செருகினேன். இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் தாங்கும். வெயிலில் அட்டை நெளிந்ததும் பலகை மேலே எழும்பிவிடும். வாடிக்கையாளரின் பொருளுக்கு ஒரு கீறல்கூட விழாத வேலை அது.

அதன்பிறகு அவள் ஒழுங்காக வந்தாள். ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேசுவது தவறியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. பக்கத்துக் கடையில் செருப்புத் தைக்கிற போர்ஃபிரியோவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னா டோன் எவரிஸ்தோ, ஒரே பொட்டிய ஒம்பது தடவ ரிப்பேர் பண்றீங்க. நா இப்பிடிச் செருப்புத் தைச்சா ஊரே வெறுங்கால்லதான் நடக்கும்" என்றான். அவளுக்கு அது கேட்கவில்லை. நான் சிரித்தேன், அவளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதங்களில் நான் தினமும் முகம் மழித்துக்கொண்டேன். மீசையையும் எடுத்துவிட்டேன், உதடு தெளிவாகத் தெரியட்டும் என்று.

ஆகஸ்ட் இருபதாம் தேதி அவள் வந்தபோது நான் வழக்கம்போல் குவளையை நீட்டினேன். ஒரே ஒரு முறை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றாள். உங்களுக்குத் தெரியாததா ஐயா, தெரெரே குடிக்கும்போது குவளையைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அத்தனை மாதத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. சொல்லாததால்தான் அவளுக்கும் எழுந்துபோக மனமில்லை என்று நான் புரிந்துவைத்திருந்தேன்.

"தொண்டையில எறங்கல டோன் எவரிஸ்தோ" என்றாள். "ஞாயித்துக்கிழமை சொன்னா, சுனில்டாவுக்குத் தலைக்குள்ள கட்டியாம். அக்டோபர் இருபத்துநாலு ஆபரேஷன். அதுக்கு முன்னால என்னைப் பாக்கணுங்கறா. விமான டிக்கெட்டு இதுலதான் அனுப்பறாளாம். எப்பிடியாவது இன்னிக்கே ஓட வையுங்க."

போனால் அவள் திரும்ப மாட்டாள். மகளுக்குச் சரியானாலும் அங்கேயே இருந்துவிடுவாள், சரியாகாவிட்டால் அங்கே புதைத்துவிட்டுக் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்துவிடுவாள். எந்தத் தாயும் செய்வது அது. நான் திருப்புளியை எடுத்தேன், பார்த்தேன், வைத்தேன். மதர்போர்டு என்கிற தாய்ப்பலகை கருகிவிட்டது, தலைநகர் அசுன்சியோனிலிருந்து பாகம் வர வேண்டும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று அவள் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். ஊரில் இன்டர்நெட் கடை இருக்கிறதே, அங்கே திறக்கலாமா என்று கேட்டாள். அவளுக்கு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்ததே நான்தான். வேறு கருவியில் திறந்தால் வந்த கடிதமெல்லாம் அழிந்துபோகும் என்றேன். நம்பினாள்.

மதியம் பன்னிரண்டுக்கு ஊர் தூங்கப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அட்டையை எடுத்தேன். அரை நிமிடத்தில் திறந்தது. டிக்கெட் வந்திருந்தது, அக்டோபர் ஒன்பதுக்கு. கீழே சுனில்டா எழுதியிருந்தாள்: "அம்மா, மயக்க மருந்து குடுக்கும்போது பக்கத்துல நீ இருந்தாப் போதும். எனக்குப் பயமா இருக்கு." நல்ல பிள்ளை. நானும் மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். எனக்கு விமானம் என்றால் பயம், கடவுள் உன்னோடு இருப்பார், பணத்தை வீணாக்காதே என்று தெல்ஃபினா பெயரில் எழுதினேன். தாய் எழுதுவது போலவே இருந்தது.

செப்டம்பரில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்க" என்று நம்பரை எழுதி வைத்தாள். போர்ஃபிரியோ அன்று கடை திறக்கவில்லை. நான் அவள் எதிரிலேயே எண்ணை அழுத்தினேன், கடைசி எண்ணை மட்டும் விட்டுவிட்டு. அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் பேசினேன், அவள் படிக்க வசதியாக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி. அப்படியா சுனில்டா. டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்களா. சரி, அம்மாவை அவசரப்பட வேண்டாம் என்கிறேன். அவள் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், "என் முத்தத்தச் சொல்லுங்க" என்றாள். அதையும் போனில் சொன்னேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்று மூன்று குவளை குடித்தாள்.

சுனில்டா மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகத் தன் தோழி நிம்ஃபா வருவாள், கையைப் பிடித்துக்கொண்டால் பயமே தெரியாது, ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு என்று ஆறு கடிதம். இப்படி விட்டால் அந்தப் பெண்ணின் மனம் அமைதியடையாது என்று தோன்றியது. அக்டோபர் ஐந்தாம் தேதி கடைசியாக எழுதினேன். அது உங்கள் கோப்பில் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். "நீ ஸ்பெயினுக்குப் போனபோது என்னைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. இப்போது என்னைக் கூப்பிடாதே. எனக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது." அதன்பிறகு அவள் எழுதவில்லை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் சுனில்டா இறந்துபோனாள். நிம்ஃபா கோயிலுக்குப் போன் செய்தாள், பாதிரியார் ஒரு தாளில் எழுதி வந்து தெல்ஃபினாவிடம் காட்டினார். மறுநாள் அவள் கடைக்கு வந்து, "டிசம்பர்னு சொன்னாளே" என்றாள். அங்கே ஆஸ்பத்திரிகளில் தேதியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். லேப்டாப்பை முழுதாகச் சரிசெய்து அவள் மடியில் வைத்தேன். அட்டையை எடுத்துவிட்டேன், புது ராம் போட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அது ஒரு முறைகூடத் தகராறு செய்யவில்லை. அவள் அதைத் திறந்ததும் இல்லை.

அடுத்த இரண்டு மாதம் அவள் தினமும் வந்தாள். கொண்டுவர ஒன்றும் இல்லை, சும்மா வந்தாள். வீட்டில் உட்கார முடியவில்லை என்பாள். காலையில் அவளுக்காக சூடாக சீப்பா ரொட்டி வாங்கி வைப்பேன். நான் பேசுவேன், அவள் பார்ப்பாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதங்கள் இல்லை. நான் அவளிடம் எதையும் மறைக்கவும் இல்லை ஐயா. அலமாரியில் திருகாணி தேடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், மூன்று தடவை. அட்டை, போன், கடிதம், எல்லாம். போர்ஃபிரியோ ஒருமுறை சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியலை நிறுத்திவிட்டான். கேட்டுப் பாருங்கள், அவன் சொல்வான்.

ஜனவரியில் நிம்ஃபா சுனில்டாவின் பெட்டியோடு ஊருக்கு வந்தாள். கடைசிக் கடிதத்தை சுனில்டா அச்செடுத்து, மடித்து, ஆஸ்பத்திரித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளாம். மறுநாள் காலை தெல்ஃபினா அந்தத் தாளோடு வந்தாள். உட்காரவில்லை. தாளை மேஜைமேல் விரித்து, "இத நீங்கதான எழுதினீங்க" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கேள்விகூட இல்லை.

நான் ஆமாம் என்றேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை வருஷமாக யாருமே என் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் நன்றி என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று ஒழுங்காக, மெதுவாக. இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேஜை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் அவள் தோளைத் தொட்டேன், திறக்கவில்லை. முழுவதையும் சொல்லி முடித்தேன். பிறகு அவள் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் திறந்து, தாளை எடுக்காமல் வெளியே போனாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளைப் போய்ச் சேரவில்லை. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கருவியைக் கெடுத்தது நான், டிக்கெட்டை மறைத்தது நான், தாயின் பெயரில் மகளை விரட்டியது நான். எந்தத் தண்டனை என்றாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். புகார் கொடுத்தவரையும் குற்றவாளியையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்கும் முறை உங்களிடம் உண்டு என்று கேள்விப்பட்டேன். அதைச் செய்யுங்கள். அவளுக்குக் கைஜாடை மொழி தெரியாது. நான் சொன்னதை யாரும் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நீதிபதி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியாதல்லவா, அவள் என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.