ராசாட மகளுக்கு வீடு இல்லை

"ராசாட மகளுக்கு வீடு இல்லயாம் மச்சான். அதான் கேம் போகுதில்ல."

பொத்துவில் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சொன்னார். கல்முனையில் பாட்டுக் கசட் பதிந்து விற்கும் கடைக்காரர். பக்கத்தில் இருந்தவர் சவூதியிலிருந்து கம்ப்யூட்டர் கொண்டுவந்து, அதில் விளையாடும் கேம் ஒன்றை எழுதி, பாட்டைப் போலவே கசட்டில் பதிந்து விற்க இவரிடம் கொடுத்தவர்.

"என்ன வீடு? காட்டத் தாண்டி, பாம்ப அடிச்சிப் போனா கடைசில ராசாட மகள் கெடைக்கிறா. அது போதாதா?"

"இவ்வளவு கஷ்டப்பட்டும் வெறுங்கையோட நிக்கிற பொண்ணயா கட்டுற எண்டு கேக்கிறானுகள். கல்முனைக்குடியில ஒருத்தன் கசட்டத் திருப்பியே தந்துட்டான்."

"சரி, சீதனமா ஒரு கல்வீடு கீறி வைக்கிறன்."

"கிணறும் போடு. சாகாமத்துப் பக்கம் கொஞ்சம் வயலும் இருந்தா நல்லம்."

எழுதியவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"அவ்வளவுக்கும் கம்ப்யூட்டர்ல இடம் இல்ல மச்சான். மெமரி நெறஞ்சிட்டு. எதையாவது அழிக்கணும்."

"பாம்ப அழி."

"பாம்பு இல்லாட்டி எங்க கேம்?"

கடைக்காரர் அதிகம் யோசிக்கவில்லை.

"அப்ப பொண்ண அழிச்சிட்டு வீட்டயும் வயலயும் வை. ஒருத்தனும் திருப்பித் தரமாட்டான்."